பண்டிகைப் புத்தாடையும் கைத்தறி நெசவாளரும்: தமிழக வரலாற்றினூடாக ஒரு நோக்கு

தமிழகக் கைத்தறித் தொழிலின் வரலாற்றை எழுத முற்பட்டோருட் பலர் அதனை வீழ்ச்சியின் வரலாறாகவே எழுதியுள்ளனர். லங்காஷயர் ஆலைகளின் மலிவுத் துணி வந்திறங்கியது. உள்ளூர்த் தறிகள் ஓய்ந்தன. நெசவாளர் வயற்கூலிகளாயினர் என்பதே இவ்வரலாற்றின் சாரமாகும். இதில் உண்மை உண்டு. ஆயினும் இவ்விளக்கம் ஒரு முக்கிய வினாவுக்கு விடை தரவில்லை. ஆலைத் துணி வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பின்னரும், பி. ஜே. தோமஸ் தலைமையில் நியமிக்கப்பட்ட கைத்தறி-ஆலை உண்மையறி குழு 1942இல் தன் அறிக்கையை வெளியிட்டபோது, இந்தியாவில் ஏறத்தாழ 20 இலட்சம் கைத்தறிகள் இருந்தன. சென்னை மாகாணமே அவற்றுள் முதலிடம் பெற்ற பகுதிகளுள் ஒன்றாகும். வீழ்ந்துவிட்டதாகக் கூறப்படும் ஒரு தொழில் இத்துணை காலம் நிலைத்து நின்றது எவ்வாறு?

இவ்வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதி பண்டிகை ஆடையிலே தங்கியுள்ளது. அன்றாட உடுப்புக்கு மலிவுத் துணியை நாடிய குடும்பம்கூடத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திருமணத்துக்கும் கரையும் முந்தானையும் அமைந்த சேலையையும், கரைவேட்டியையும் நாடிற்று. இத்தேவையே கைத்தறிக்கு அரணாக அமைந்தது. அவ்வாறாயின், அரண் பெற்ற தொழிலைச் செய்தவன் வறியவனாகவே வாழ்ந்தமைக்குக் காரணம் யாது? தறியைக் காத்த பண்டிகை தறிகாரனைக் காக்கத் தவறியது ஏன்? இவ்விரு வினாக்களையும் ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோயிலும் தறியும்

விழாவுக்கும் நெசவுக்குமுள்ள தொடர்பு தமிழிலக்கியத்தில் மிகப் பழைமையானது. சிலப்பதிகாரத்தில் இந்திரவிழா பற்றிய பகுதியிலேயே புகார் நகரின் காருகர் இருக்கை குறிப்பிடப்படுகின்றது. பட்டு, மயிர், பருத்தி நூல் ஆகிய மூன்றினாலும் நுண்ணிய தொழில் செய்வோராக அவர்கள் காட்டப்படுகின்றனர். பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனின் கந்தலை நீக்கி நுண்ணிய ஆடை அளிக்கின்றான். இங்கே புத்தாடை விலை கொடுத்து வாங்கும் பண்டமாக இல்லை. மேலோர் கீழோர்க்கு அளிக்கும் கொடையாகவே விளங்குகின்றது. இதே காலத்தில் நூல் நூற்றல் பெண்டிரின், சிறப்பாக ஆண்துணையற்ற பெண்டிரின், உழைப்பாக இருந்தமையைப் புறநானூறு, நற்றிணை ஆகியவற்றின் குறிப்புகளால் அறியலாம். ஆடையை உடுத்தோர், நெய்தோர், நூற்றோர் எனும் மூவகையினரும் வெவ்வேறு சமூகத் தளங்களில் நின்றமை தொடக்கத்திலேயே புலனாகின்றது.

இடைக்காலத்தில் நெசவாளர் கோயிலுடன் நெருங்கிய தொடர்பு பூண்டனர். இது தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. மாளவத்தின் தசபுரத்தில், இன்றைய மந்தசோரில், லாட நாட்டிலிருந்து குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் கணம் கி.பி. 437 அளவில் சூரியனுக்குக் கோயில் எடுத்து 473இல் அதனைப் புதுப்பித்தமையை அங்குள்ள வடமொழிக் கல்வெட்டுக் கூறுகின்றது. பட்டாடை உடுத்தாத வரையில் பெண்ணின் அலங்காரம் நிறைவுறாது எனும் கருத்தும் அக்கல்வெட்டில் இடம்பெறுகின்றது. தம் தொழிலின் பெருமையைத் தம் கோயிற் சுவரிலேயே பொறித்தோர் அந்நெசவாளர்.

தமிழகத்தில் இத்தகைய நிலைக்குச் சிறந்த சான்று உத்தமசோழனின் சென்னை அரும்பொருளகச் செப்பேடுகளாகும். பத்தாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சேர்ந்த இச்செப்பேடுகள், கச்சிப்பேட்டில் ஊரகத்துக் கோயிலின் அறக்கட்டளைகளையும் விழாச் செலவையும் பற்றியவை. நகரின் நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலியர் அக்கோயிற் பொறுப்புகளில் இடம்பெற்றனர். அரசனுக்கு ஆடை நெய்தோராகவும் இவர்கள் குறிக்கப்படுகின்றனர். காஞ்சிபுரத்தில் தறியும் திருவிழாவும் ஒரே சமூகத்தின் கையில் ஓரளவேனும் சேர்ந்திருந்தமைக்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

விஜயநகர காலத்தில் கைக்கோளர் கோயிலைச் சூழ்ந்த திருமடைவிளாகங்களிற் குடியேற்றப்பட்டனர். அவர்களை ஈர்ப்பதற்காகத் தறி மீதான வரிகள் குறைக்கப்பட்டமையும் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில், காஞ்சிபுரம், விரிஞ்சிபுரம், திருவண்ணாமலை ஆகிய ஊர்களின் கைக்கோளர் பெற்றிருந்தவாறே பிற ஊர்க் கைக்கோளரும் தண்டும் சங்கும் கொள்ளும் உரிமை பெற்றனர். விழா ஊர்வலத்தில் பல்லக்கும் சங்கும் பெறும் உரிமை வெறும் ஆடம்பரமன்று. உற்பத்தியாற் பெற்ற பொருள் வலிமை சமூக மதிப்பாக மாறியமையின் அடையாளம் அது. விஜயா ராமசுவாமி 1985இல் வெளியிட்ட இடைக்காலத் தென்னிந்திய நெசவாளர் பற்றிய நூலில் இவ்வளர்ச்சி விரிவாக ஆராயப்பட்டுள்ளது.

எனினும் அக்காலத்தைப் பொற்காலமாகக் கொள்வது தவறாகும். தறி இறை, தறிக்கடமை முதலிய பெயர்களில் வரி தண்டப்பட்டது. 1429இல் வலங்கை, இடங்கைப் பிரிவினர் இருவரும் தம் நெடும் பகையை மறந்து, அளவிறந்த வரிக்கெதிராக ஒன்றுகூடி முடிவெடுத்தமையைக் காவிரிப் பகுதியிலும் அதனை அடுத்த நடுநாட்டிலும் உள்ள கல்வெட்டுக்கள் தெரிவிக்கின்றன. நொபுரு கராசிமாவும் எ. சுப்பராயலுவும் இவற்றை ஆராய்ந்துள்ளனர். நெசவாளனுக்கு உரிமை இருந்தது என்பதிலும், உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது என்பதே பொருத்தமாகும்.

ஆடையும் சமூகப் படிநிலையும்

பண்டிகை ஆடை எல்லோரையும் ஒன்றாக்கும் எனும் எண்ணம் நம்மிடையே நிலவுகின்றது. வரலாறு இதற்கு மாறான செய்தியையே பெரிதும் தருகின்றது. தஞ்சைப் பகுதியிற் பண்ணையாட்களுக்குப் பண்டிகையின்போது நிலவுடைமையாளர் அளித்த வேட்டியும் சேலையும் அவர்களின் கூலியின் ஒரு பகுதியாகவே கணிக்கப்பட்டன. உழைப்புக்குரிய ஊதியம் கொடையின் தோற்றத்தில் வந்தது. பெற்றவன் நன்றி கூறி வணங்க வேண்டியவனானான். அத்துணி முரட்டு நூலால் நெய்யப்பட்டது. அதனை நெய்தோரிலும், கோலியர் போன்று, ஒடுக்கப்பட்ட மக்களிடையிலிருந்து வந்த நெசவாளர் இருந்தனர். மெல்லிய பட்டை நெய்தவனும் முரட்டுத் துணியை நெய்தவனும் நெசவாளர் எனும் ஒரே சொல்லால் அழைக்கப்படினும், அவர்தம் சமூக நிலை ஒன்றன்று.

எவர் எதனை உடுக்கலாம் என்பதும் சாதி வழக்கால் வரையறுக்கப்பட்டிருந்தது. திருவிதாங்கூரில் நாடார் பெண்டிரின் மேலாடை உரிமைப் போராட்டம் பல பதிற்றாண்டுகள் நீடித்து, 1859இல் அரச அறிவிப்பொன்றின் மூலமே ஓரளவு தீர்வு பெற்றது. இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930இல் ஆதிதிராவிடர் மீது சாதி மேலோர் விதித்த தடைகளில், ஆடவர் முழங்காலுக்குக் கீழ் ஆடை அணியலாகாது, பெண்டிர் மேலாடையும் பொன்னணியும் அணியலாகாது என்பனவும் அடங்கின. இத்தகைய சூழலில் ஒடுக்கப்பட்டவன் பண்டிகை நாளில் நல்லாடை உடுத்துத் தெருவில் நடப்பது மனித கௌரவத்தை நிலைநாட்டும் செயலாயிற்று.

இதிலிருந்து நெசவின் வரலாற்றுக்கு இன்றியமையாத ஒரு முடிபு பிறக்கின்றது. இருபதாம் நூற்றாண்டிற் சாதித் தடைகள் தளரத் தளர, புத்தாடை வாங்கும் மக்களின் தொகை பெருகிற்று. ஆயின் பெருகிய அத்தேவையின் பெரும் பகுதி கைத்தறியை வந்தடையவில்லை. புதிதாக உரிமை பெற்றோர் வறியோர். அவர்கள் கைக்கு எட்டிய விலையில் ஆலைத் துணியும் பின்னர் விசைத்தறித் துணியும் கிடைத்தன. ஆடையிற் சனநாயகம் வளர்ந்தபோது அதன் பயன் நெசவாளனைத் தாண்டிச் சென்றது. ஒடுக்கப்பட்டோரின் உரிமையும் நெசவாளனின் வாழ்வும் ஒன்றுக்கொன்று பகையானவை அல்ல; சந்தையின் ஒழுங்கே அவற்றை எதிரெதிராக நிறுத்திற்று.

கம்பனியும் நெசவாளனும்

ஐரோப்பியர் வருகைக்கு முன்னரே சோழமண்டலக் கரைத் துணி தென்கிழக்காசியாவெங்கும் சென்றது. சாயமிட்ட துணிக்கு அங்கு பெரும் மதிப்பிருந்தது. அத்துணியின் செந்நிறத்துக்குக் காரணமான சாயவேருடன் ஈழத்துக்கும் தொடர்புண்டு. மன்னாரிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் விளைந்த சாயவேர் ஒல்லாந்தர் ஆட்சியில் அரசின் கட்டுப்பாட்டுக்குட்பட்ட பொருளாக விளங்கிற்று. அதனை அகழ்ந்தோர் வேர்க்குத்திப் பள்ளர் எனத் தொழிலாற் பெயர் பெற்றனர். விழாவில் உடுத்த செந்நிற ஆடைக்குப் பின்னால் நெசவாளனின் உழைப்புடன் வேரகழ்ந்த ஏழையின் உழைப்பும் நின்றது.

கம்பனி வணிகத்தின் தொடக்க காலத்தில் நெசவாளன் முற்றாக அடிமைப்பட்டிருக்கவில்லை. வணிகன் முன்பணம் கொடுத்தான். நெசவாளன் குறித்த துணியை நெய்து கொடுத்தான். வேறொருவன் கூடிய விலை தருவதாயின் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து விலகுதலும், நெருக்கடி முற்றினால் ஊரையே விட்டுப் பெயர்தலும் வழக்கிலிருந்தன. ஆங்கிலேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், டேனிஷ்காரர் எனப் பலர் போட்டியிட்டமையும் அவனுக்கு வாய்ப்பாயிற்று.

இந்நிலை மாறிய விதத்தைப் பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம் 1980இல் எழுதிய கட்டுரையொன்றில் 1750 தொடக்கம் 1790 வரையுள்ள காலப்பகுதியை எடுத்துக்கொண்டு ஆராய்ந்துள்ளார். வணிகக் கம்பனி ஆட்சியாளனாக மாறியமையே மாற்றத்தின் மூலமாகும். காஞ்சிபுரத்தை உள்ளடக்கிய செங்கற்பட்டுச் சீமை 1763இல் ஆர்க்காட்டு நவாபினால் ஆங்கிலக் கம்பனிக்கு அளிக்கப்பட்டது. பின்னர் இடைநின்ற வணிகரை அகற்றி, சம்பளம் பெறும் ஏவலாளர் மூலம் நெசவாளரை நேரடியாகப் பிணைக்கக் கம்பனி முயன்றது. முன்பணம் பெற்றவன் பிறருக்கு நெய்தல் குற்றமாயிற்று. ஒப்பந்தமாக இருந்த முன்பணம் விலங்காக மாறியது. இதனை நெசவாளர் வாளாவிருந்து ஏற்கவில்லை. கூட்டாக வேலை நிறுத்தியும் ஊர் பெயர்ந்தும் எதிர்த்தனர். ஆனால் பெயர்ந்து செல்லுமிடங்களும் நாளடைவில் அதே ஆட்சிக்குள் அடங்கின.

1813இற் கம்பனியின் இந்திய வணிகத் தனியுரிமை நீக்கப்பட்டது. அடுத்த சில பதிற்றாண்டுகளில் ஏற்றுமதித் துணிக்கான கொள்முதல் சுருங்கிற்று. அதே காலத்தில் இங்கிலாந்தின் ஆலை நூல் இறக்குமதியாகியது. இதனால் முதலிற் பாதிக்கப்பட்டோர் நூல் நூற்ற பெண்டிரே. சங்க காலந்தொட்டு வறிய பெண்டிருக்கு வாழ்வளித்த கைத்தொழில் ஒன்று பெரும் ஆரவாரமின்றி அழிந்தது. நெசவாளனோ ஆலை நூலைக் கொண்டு தொடர்ந்து நெய்தான். 1880களின் பின் பாபநாசம், மதுரை, கோயம்புத்தூர் ஆகிய இடங்களில் நூற்பாலைகள் தோன்றியபோது நூல் உள்ளூரிலேயே கிடைத்தது. ஆயினும் நூலின் விலையை வரையறுக்கும் வலிமை நெசவாளனிடம் இருக்கவில்லை.

ஏற்றுமதிச் சந்தையை இழந்த நெசவு உள்ளூர்ச் சந்தையைச் சார்ந்தது. அங்கே ஆலைத் துணியுடன் போட்டியிட இயலாத இடத்திலிருந்து விலகி, போட்டி குறைந்த இடத்தில் நிலைகொண்டது. ஆடவர் உடையில் ஆலைத் துணி விரைந்து புகுந்தது. பெண்டிர் சேலையில், அதிலும் விழாச் சேலையில், அது அத்துணை விரைவாகப் புகவில்லை. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமுமாய் அமைந்து, இரண்டும் நூலோடு நூல் பின்னிய சேலையை அக்கால ஆலை நெய்ய இயலாது. சமயக் கடனும் பட்டையும் கோடித் துணியையும் வேண்டிநின்றது. கூறைநாட்டில் நெய்த கூறைப்புடவை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஈழத்துத் தமிழரும் மணப்பெண்ணின் சேலையைக் கூறை என்றே வழங்குதல் கருதத்தக்கது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து காஞ்சிபுரம் பருத்தியை விட்டுப் பட்டிற் பெரிதும் ஊன்றியமையும் இப்போக்கின் பகுதியாகும்.

பண்டிகை நாட்காட்டியும் முன்பணமும்

இங்கேதான் நாம் தொடக்கத்தில் எழுப்பிய இரண்டாம் வினாவுக்கு விடை காண வேண்டியுள்ளது. பண்டிகை ஆண்டில் ஓரிரு நாட்களில் வருவது. தறியோ ஆண்டு முழுதும் ஓடவேண்டியது. துணி விற்கும் காலத்துக்கும் நெய்யும் காலத்துக்கும் இடையே பல மாதங்கள் உள்ளன. இவ்விடைக்காலத்தில் நூல் வாங்கவும் சாயமிடவும் நெசவாளன் குடும்பம் உண்ணவும் பணம் வேண்டும். நெய்த துணியைச் சந்தை வரும் வரை இருப்பில் வைத்திருக்கும் வலிமையும் வேண்டும். இவ்வலிமை எவரிடம் உண்டோ அவரே தொழிலின் தலைவராவார். நெசவாளனிடம் அது இல்லை. நூல் வணிகனிடமும் துணி முதலாளியிடமும் இருந்தது.

தமிழகத்தின் ஆண்டுச் சுழற்சியைச் சற்று விரிவாக நோக்கினால் இது தெளிவாகும். ஆடியில் திருமணங்கள் இல்லை. எனவே சேலை விற்பனை மந்தம். ஆவணியில் திருமணங்கள் தொடங்குகின்றன. ஐப்பசித் தீபாவளியே விற்பனையின் உச்சம். அதற்கான துணி ஆடிக்கு முன்னரே தறியேற வேண்டும். மந்த காலத்தில் பணமின்றித் தவிக்கும் நெசவாளன் அப்போது குறைந்த கூலிக்கு நெய்கின்றான். உச்ச காலத்தின் விலை முதலாளியைச் சேர்கின்றது. தீபாவளி முடிந்ததும் தேவை தளர்கின்றது. அதே வேளையில் வடகீழ்ப் பருவமழை தொடங்குகின்றது. பருத்திப் பாவைத் தெருவில் நீள விரித்துக் கஞ்சி போட்டு உலர்த்துவதற்கு வெயில் வேண்டும். மழையில் அது இயலாது. குழித்தறியின் குழியில் நீர் ஊறிவிடும். ஈரத்தில் நூல் அறுபடும். மார்கழியில் மீண்டும் திருமணமில்லை. தை பிறந்த பின்னரே அடுத்த விற்பனைக் காலம். இவ்வாறு பஞ்சாங்கமும் பருவமழையும் சேர்ந்து ஓராண்டிற் சில மாதங்களை நெசவாளனுக்கு வருவாயற்ற மாதங்களாக ஆக்கின.

இம்மாதங்களைக் கழிப்பதற்கே அவன் முன்பணம் பெற்றான். அதுமட்டுமன்று. பண்டிகை அவனுக்கும் உண்டு. தன் மனைவி மக்களுக்குத் துணியெடுக்கவும் பலகாரம் செய்யவும் தீபாவளிக்கு முன்னர் முதலாளியிடம் கைநீட்டினான். அக்கடன் அடுத்த ஆண்டின் கூலியிற் சிறிது சிறிதாகக் கழிக்கப்பட்டது. கடன் தீரும் முன் மறு தீபாவளி வந்தது. கடன் இருக்கும் வரை வேறு முதலாளியிடம் செல்ல முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டிற் கம்பனியின் ஆணை செய்த வேலையைப் பின்னர் பண்டிகைக் கடன் செய்தது. பிறர் பண்டிகைக்காக நெய்தவன் தன் பண்டிகையினாலேயே பிணைக்கப்பட்டான்.

பண்டிகைத் தேவை நிலையானதுமன்று. வறுமை வருங்கால் மனிதன் உணவைத் தள்ளிப்போட இயலாது, புத்தாடையைத் தள்ளிப்போடலாம். 1876-78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தில் நெசவாளர் பெருந்துயர் உற்றமைக்கு இதுவே காரணம். தானிய விலை ஏறியபோது குடியானவன் துணி வாங்குவதை நிறுத்தினான். நெசவாளன் ஒரே வேளையில் உணவு விலை உயர்வுக்கும் தன் பண்டத்தின் விலை வீழ்ச்சிக்கும் ஆளானான்.

இவ்வமைப்பில் மறைந்து நிற்கும் மற்றோர் உழைப்பையும் குறிப்பிடல் வேண்டும். தார் சுற்றுதல், பாவு தயாரித்தல், கஞ்சி போடுதல் ஆகியவற்றைப் பெண்டிரும் சிறுவரும் செய்தனர். சேலைக்கென முதலாளி கொடுத்த கூலியில் இவ்வுழைப்புக்குத் தனிக் கணக்கில்லை. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்வோம். உடலும் கரையும் தனித்தனி ஊடை நூலால் நெய்யப்பட்டு ஒவ்வோர் இழையிலும் கோக்கப்படுகின்றன. மூன்று நாடாக்கள் இயங்க வேண்டியிருப்பதால் நெசவாளனுக்குப் பக்கத்தில் உதவியாள் ஒருவர் அமர வேண்டும். நெடுங்காலம் அவ்விடத்தில் அமர்ந்தோர் பெரும்பாலும் சிறுவர், சிறுமியரே. முதலாளியிடம் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக உழைத்த சிறுவரும் அவர்களுள் இருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இது பொதுமக்கள் கவனத்துக்கு வந்தபின்னரே குறையத் தொடங்கிற்று. மணவறையில் ஒளிவீசும் சேலையின் கரையில் ஒரு குழந்தையின் பள்ளிக்காலம் நெய்யப்பட்டிருக்கக் கூடும் என்பதை மறத்தலாகாது.

கூட்டுறவும் அரசும்

முதலாளியின் இடத்தை வேறொன்று நிரப்பினாலன்றி நெசவாளன் விடுபட இயலாது என்பதைச் சிலர் முன்னரே உணர்ந்தனர். இருபதாம் நூற்றாண்டின் முதற் பதிற்றாண்டில் அல்பிரெட் சாட்டர்ட்டன் சேலத்தில் நெசவுக்கூடம் அமைத்து விசை நாடாவைப் பரப்ப முயன்றார். தறியின் வேகம் கூடினால் வறுமை நீங்கும் என்பது இம்முயற்சியின் அடிப்படை. கருவி பரவிற்று, கடன் நீங்கவில்லை. காந்தியடிகளின் கதர் இயக்கமும் நெசவாளனை எண்ணியே எழுந்தது. 1921 செப்டெம்பரில் மதுரையிலேயே அவர் அரையாடைக்கு மாறினார். ஆயினும் கையால் நூற்ற நூலை அவ்வியக்கம் வலியுறுத்தியமையால், ஆலை நூலால் நெய்த பெருந்தொகையான நெசவாளர் அதன் வரம்புக்கு வெளியே நின்றனர்.

1935இற் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பின்னர் கோ-ஆப்டெக்ஸ் எனப் பெயர் பெற்ற நிறுவனம் இதுவே. நூலைத் தானே வாங்கிக் கொடுத்து, கூலி அளித்து, துணியைத் தானே விற்பது இதன் நோக்கம். அதாவது நெய்தலுக்கும் விற்றலுக்குமிடைப்பட்ட காலத்தைத் தனியார் மூலதனத்துக்குப் பதிலாகக் கூட்டு மூலதனம் கொண்டு நிரப்புதல். கொள்கையளவில் இது நோயின் வேரை அறிந்த மருத்துவமாகும்.

விடுதலைக்குப் பின் 1952, 1953ஆம் ஆண்டுகளில் நூல் விலைக் குழப்பத்தாலும் துணித் தேக்கத்தாலும் தமிழகத்துத் தறிகள் பெருமளவில் ஓய்ந்தன. அப்போது முதலமைச்சராயிருந்த சி. இராசகோபாலாச்சாரியார் வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டுமென மத்திய அரசை வற்புறுத்தினார். காஞ்சிபுரத்திற் பிறந்த சி. என். அண்ணாதுரையும் அவர்தம் கழகத்தினரும் கைத்தறித் துணியைத் தோளிற் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். ஒன்றோடொன்று மோதிய அரசியல்கள் இவ்வொரு விடயத்தில் ஒரு திசையில் நின்றமை நெசவாளரின் தொகையையும் துயரையும் ஒருங்கே காட்டுகின்றது. அகில இந்தியக் கைத்தறி வாரியம் 1952இல் அமைந்தது. ஆலைகள் நெய்யும் வேட்டியின் அளவு முன்னைய அளவின் 60 வீதமாக மட்டுப்படுத்தப்பட்டது. 1953இல் ஆலைத் துணி மீது மேல்வரி விதித்து அப்பணத்தைக் கைத்தறிக்கும் கதருக்கும் பயன்படுத்தச் சட்டம் இயற்றப்பட்டது.

இப்பணத்தின் ஒரு பகுதி விற்பனைத் தள்ளுபடியாகச் செலவாயிற்று. தள்ளுபடி பண்டிகைக் காலங்களிலே அளிக்கப்பட்டது. மக்கள் மகிழ்ந்தனர், விற்பனை பெருகிற்று. ஆனால் தள்ளுபடி வருமென்று அறிந்த மக்கள் மற்றைய மாதங்களில் வாங்குவதைக் குறைத்தனர். சங்கங்களில் துணி தேங்கிற்று. தேங்கிய துணியில் மூலதனம் முடங்கிற்று. மூலதனம் முடங்கவே மந்த மாதங்களில் நெசவாளனுக்கு நூல் கொடுக்க இயலவில்லை. எந்த இடைவெளியை நிரப்பக் கூட்டுறவு தோன்றியதோ, அதே இடைவெளியை அரசின் உதவி மேலும் அகலமாக்கிற்று. சங்கத்தில் வேலை பெறாதவன் மீண்டும் முதலாளியிடம் சென்றான்.

தமிழகத்தில் பண்டிகைகளின் மதிப்பும் இதற்கிடையில் மாறிற்று. தீபாவளியை ஆரியப் பண்டிகை எனத் திராவிட இயக்கம் மறுத்தது; பொங்கலைத் தமிழர் திருநாளாக முன்வைத்தது. இக்கருத்து மாற்றத்தின் பின்னணியிலேயே, எம். ஜி. இராமச்சந்திரன் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1983இல் ஏழை மக்களுக்குப் பொங்கலுக்கு வேட்டி சேலை இலவசமாக வழங்கும் திட்டம் தொடங்கிற்று. ஏழைக்கு ஆடை, நெசவாளனுக்கு வேலை எனும் இரு நோக்கங்களும் அதில் இணைந்தன. பண்ணையாளன் கொடையாகத் தந்ததை அரசு உரிமையாகத் தந்தது எனக் கொள்ளின், இது சமூக வரலாற்றில் ஒரு முன்னேற்றமே. மந்த மாதங்களில் உறுதியான கொள்முதலும் கிடைத்தது. அண்மைக் காலங்களில் ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட சேலைகளும் ஏறத்தாழ அதே அளவு வேட்டிகளும் இதற்கென நெய்யப்பட்டன. ஆனால் இவற்றிற் பெரும் பகுதி விசைத்தறிகளுக்குச் சென்றது. குறைந்த காலத்திற் பெருந்தொகையாகத் துணி வேண்டியபோது கைத்தறி அவ்வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. மேலும், ஒரே கொள்வோனை நம்பிய தொழில் அவன் முடிவுக்கு அடிமையாகும். 2001இன் இறுதியில் இக்கொள்முதல் நிறுத்தப்பட்டபோது தறிகள் ஓய்ந்து, நெசவாளர் ஊர்களிற் கஞ்சித் தொட்டிகள் திறக்கும் நிலை ஏற்பட்டது.

விசைத்தறியின் பரவல் தனியே ஆராயத்தக்கது. கைத்தறிக்கென 22 வகைத் துணிகளை ஒதுக்கி 1985இற் சட்டம் வந்தது. விசைத்தறி உரிமையாளர் அதனை எதிர்த்து வழக்காடினர். 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆயினும் 1996இல் ஒதுக்கப்பட்ட வகைகள் 11ஆகக் குறைக்கப்பட்டன. எஞ்சியவற்றையும் விசைத்தறிகள் நெய்து கைத்தறிப் பெயரில் விற்றன. விசைத்தறிகளில் உழைப்போரிற் பலர் தறியை இழந்த கைத்தறி நெசவாளரே ஆதலின், இதனை இரு தொழிலாளர் பிரிவுகளின் பூசலாகக் காண்பது பொருந்தாது.

முடிவுரை

2009-10ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவிற் கைத்தறித் தொழிலாளர் 43 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டிருந்தனர். 2019-20ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர்கள் 35 இலட்சமாகக் குறைந்தனர். அவர்களுட் பெரும்பான்மையோர் பெண்டிர். நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5000 ரூபாவுக்குக் குறைந்த வருவாய் பெற்றமையும் அதே கணக்கெடுப்பால் தெரியவந்தது. 1905ஆம் ஆண்டுச் சுதேசி இயக்கத்தை நினைவுகூர்ந்து 2015 முதல் ஆகஸ்டு 7 தேசிய கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகின்றது. 1952இல் அமைந்த கைத்தறி வாரியமோ 2020இற் கலைக்கப்பட்டது. நெசவாளனுக்காக ஒரு விழா நாள் கூடிற்று. அவன் குரல் ஒலிக்கக்கூடிய அவை ஒன்று குறைந்தது.

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், பண்டிகைத் தேவை கைத்தறியின் உயிரைக் காத்தது என்பதும், அத்தேவை பருவத்துக்குட்பட்டதாகையால் இடைக்காலத்துக்குரிய மூலதனத்தைக் கையில் வைத்திருந்தோருக்கே அதன் பயன் சென்றது என்பதும் பெறப்படும். கம்பனி, முதலாளி, கூட்டுறவு, அரசு என அவ்விடத்தில் நின்றோர் மாறினர். நெசவாளனின் சார்பு நிலை பெரிதாக மாறவில்லை. ஆகவே பண்டிகைக்குக் கைத்தறி வாங்குங்கள் எனும் வேண்டுகோள் நல்லதாயினும் போதியதன்று. மழை மாதங்களிலும் ஆடியிலும் நெசவாளனுக்கு நூலும் கூலியும் கிடைக்கும் ஏற்பாடே அவசியமானது. அது நெசவாளரே ஆளும் சங்கங்களாலும், அவற்றுக்குக் காலம் தவறாது கிடைக்கும் மூலதனத்தாலுமே கைகூடும். தார் சுற்றும் பெண்ணின் உழைப்புக்கும் அங்கே தனிக் கூலி கணக்கிடப்படல் வேண்டும்.

ஆய்வாளர்க்கும் இதிற் கடமை உண்டு. கல்வெட்டுக்களையும் கம்பனி ஆவணங்களையும் நாம் ஓரளவு படித்துள்ளோம். காஞ்சிபுரம், சேலம், மதுரை போன்ற இடங்களில் முதலாளிமாரின் பேரேடுகளும், கூட்டுறவுச் சங்கங்களின் கூட்டக் குறிப்புகளும், முதிய நெசவாளரின் நினைவுகளும் இன்னும் முறையாகத் திரட்டப்படவில்லை. தீபாவளி முன்பணம் எவ்வளவு, எத்தனை ஆண்டிற் கழிந்தது, எவரால் கழிக்க இயலாதுபோயிற்று என்பன அப்பேரேடுகளிலேயே உள்ளன. அவற்றைத் திரட்டும் பணி விரைவில் தொடங்கப்படல் வேண்டும்.